பல் பிடுங்கினால் முதுகு எரியும்

அன்புள்ள உலகம்மைக்கு,

ஆவுடையப்பன் எழுதுவது. உன் கேள்விகள் இரண்டும் கிடைத்தன. கடைவாயில் ஞானப்பல் எடுத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பது முதல் கேள்வி. பிரம்மநாயகம் மாமாவை ஆஸ்பத்திரிப் பக்கம் வரவிடாமல் எப்படித் தடுப்பது என்பது இரண்டாவது. இரண்டையும் போனிலேயே முடித்திருக்கலாம். ஆனால் நீ போன் பேசினால் பக்கத்தில் உன் அம்மா, அதாவது என் சித்தி, இருப்பாள். சித்தி காதில் விழுந்தது அன்று சாயங்காலமே பாளையங்கோட்டை முழுக்க விழும். மறுநாள் காலை நீங்கள் காலி செய்துவிட்டு வந்த நாக்பூர் வீட்டின் அக்கம்பக்கத்திலும் விழும். ஆகவே கடிதம். இந்தக் காலத்திலும் கடிதம் எழுதும் கிறுக்கன் என்று நீ சிரித்துக்கொள், பரவாயில்லை. உறையைச் சித்தி பிரிப்பதற்கு முன்னால் நீ பிரித்தால் போதும்.

முதல் கேள்விக்கு முதலில் பதில்.

உன் பல் படுத்துக் கிடப்பதாக எழுதியிருந்தாய். என்னுடையதும் அப்படித்தான். பேருந்தின் கடைசி இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு முன்னால் இருப்பவன் முதுகில் உதைக்கிற ஆளைப் பார்த்திருப்பாய். அந்தப் பல்லும் அந்த வகைதான். அதற்கு ஞானம் என்று பெயர் வைத்தவன் தாடை வீங்காதவனாக இருக்க வேண்டும். ஈறைக் கீறுவார்கள், கொஞ்சம் எலும்பைச் செதுக்குவார்கள், பல்லை இரண்டாக மூன்றாக உடைத்து வெளியே எடுப்பார்கள், தையல் போடுவார்கள். உன் மண்டைக்குள் யாரோ அம்மி கொத்துவது போலச் சத்தம் கேட்கும். அது சத்தம் மட்டும்தான், பயப்படாதே.

நம் அப்பாக்கள் காலத்தில் இதற்கு ஓர் ஊசி இருந்தது. போட்டால் பாதி வாய் மரத்துப்போகும். பல் எடுத்துவிட்டு வந்தவர் டீ குடித்தால் டீ சட்டையில் வழியும், அவருக்குத் தெரியாது, பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு பங்குனிக் காய்ச்சல் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு நடை பழகுகிற வயது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது நம்மில் முக்கால்வாசிப் பேரின் நரம்பில் எதையோ மாற்றிவிட்டுப் போனது. அதன் பிறகு நமக்கு மரப்பு ஊசி பிடிப்பதில்லை. வலி மாத்திரை தின்றால் வயிறுதான் நிறையும். முழு மயக்கம் கொடுத்தாலும் ஆள் மயங்குவான், வலி மயங்காது. படுத்தபடியே அலறுவான். அப்படி அலறியவர்களின் கதைகளைச் சித்தியிடம் கேட்காதே. ரசித்துச் சொல்வாள்.

அப்போதுதான் இந்த இயந்திரம் வந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. நம் பக்கத்தில் வலிமாத்தி. இரண்டு நாற்காலி, நடுவில் குளிர்சாதனப் பெட்டி மாதிரி ஒன்று. ஒரு நாற்காலியில் நீ. மற்றதில் உன் வலியை ஏற்றுக்கொள்ள வந்தவர். அவரைத் தாங்கி என்பார்கள். உனக்கு அறுப்பார்கள், அவருக்கு வலிக்கும். அவர் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. இயந்திரத்தை நிறுத்தியதும் அவரவர் வலி அவரவரிடம் வந்துவிடும். அதற்குப் பிறகு உள்ள வீக்கம், கஞ்சி, வாயைத் திறக்க முடியாமல் விரலால் மாத்திரையைத் திணிப்பது எல்லாம் உன் பாடு. காறித் துப்பாதே, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதே, உறிஞ்சினால் குழியில் கட்டிய இரத்தம் பெயர்ந்துகொள்ளும். அப்புறம் காது வரைக்கும் தெறிக்கும். பஞ்சைக் கடித்துக்கொண்டு கம்மென்று இரு. பேச முடியாது. உன் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு அது ஒரு குறையா?

இயந்திரம் வந்த புதிதில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் தாங்கியாக உட்காரலாம் என்று இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். மூட்டுவலிக்காரர் ஒருவர் தன் மில் டிரைவர்களை முறை வைத்து உட்காரவைத்தார். காலையில் ஒருவன், மாலையில் ஒருவன். அவர் டென்னிஸ் ஆடினார், அவர்கள் நொண்டினார்கள். அது வெளியே வந்து நாறிய பிறகு சட்டம் போட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான் இயந்திரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தாங்கி உறவுக்காரராக இருக்க வேண்டும். நாள்பட்ட வலிக்கெல்லாம் கிடையவே கிடையாது.

உறவுக்காரர் என்று சட்டம் சொன்னதும் நம்மாட்கள் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். காது குத்துக்குத் தாய்மாமன் மடியில்தானே உட்காரவைக்கிறோம்? அப்படியானால் பல்லுக்கும் தாய்மாமன்தான். எவனும் உத்தரவு போடவில்லை, ஒரே வருஷத்தில் முறையாகிவிட்டது. வெற்றிலை பாக்கோடு போய் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு வரமாட்டார். மாமன் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்கள் நிற்கிறார்கள், பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் சாட்சிக் கையெழுத்துக்கு நிற்பது போல. ஆளுக்கு ஓர் உறவுச் சான்றிதழ் வைத்திருப்பார்கள். திருநெல்வேலி சந்திப்பில் பாதிப் பேருக்குத் தாய்மாமன் சேர்மக்கனி என்றொரு ஆள்தான்.

இப்போது நம் மாமாவுக்கு வருகிறேன்.

அவரை நீ கல்யாண வீடுகளில் மட்டும் பார்த்திருக்கிறாய். உன் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் பிறந்தவர், கழுகுமலையில் பந்தல் கடை. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் நாற்காலி அவர் கடையிலிருந்துதான் போகும். ஆனால் அவர் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முகூர்த்தம் முடிகிறவரை பந்தலுக்குள் நடந்துகொண்டே இருப்பார். பந்தியிலும் நின்றபடி யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். "நம்ம கொடுத்த நாற்காலியில நாமளே உக்காந்தா மரியாதையா?" என்பார். திமிர் என்று அம்மா சொல்வாள். பிள்ளைகள் பின்னாலிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டால் அடிக்கக் கை ஓங்குவார். பேருந்தில் இடமிருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்தால் குப்புறப் படுப்பார், அதுவும் கொஞ்ச நேரம்தான். விடிவதற்கு முன்பே எழுந்து எல்லோரையும் எழுப்பி, இவ்வளவு நேரம் தூங்கினால் குடும்பம் விளங்குமா என்று கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தாங்கி வேலை கிடைத்தால் விடுவாரா? எனக்கு முன்னால் குடும்பத்தில் ஐந்து பேருக்கு இவர்தான் தாங்கி. பெரியம்மா மகள் காந்திமதிக்குப் பல் எடுத்தபோது கழுகுமலை பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார். கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, 'மருமகளின் வலியை ஏற்ற மாமா' என்று கொட்டை எழுத்தில். அதில் காந்திமதியின் படம் தபால்தலை அளவுக்கு இருந்தது, வாய் வீங்கியபடி. அந்தப் பெண் ஆறு மாதம் கழுகுமலைக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் நீ கேள்விப்பட்டிருப்பாய். அந்த ஆஸ்பத்திரி நாற்காலி சரியில்லை என்று நம் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பல் எடுத்துவிட்டு வந்த ஐந்து பேரும் வாய் வலியைவிட முதுகு எரிந்ததைத்தான் சொன்னார்கள். காந்திமதியின் அப்பா புகார் கொடுத்து அவர்கள் நாற்காலியையே மாற்றினார்கள். மாற்றிய பிறகும் எரிந்தது. எனக்குப் பல் எடுக்க நாள் குறித்ததும் அம்மா இரண்டு தலையணை தைத்து வைத்தாள், முதுகுக்கு ஒன்று, அந்தத் தலையணைக்கு முதுகாக இன்னொன்று.

ஃப்ளெக்ஸுக்குப் பயந்து நான் மாமாவை அழைக்கவில்லை. சேர்மக்கனியைப் பேசி வைத்தோம். அன்று காலை அவர் சுத்தமாகச் சவரம் செய்து, திருநீறு பூசி, மாமன் மாதிரியே வந்திருந்தார். தலையணைகளோடு நான் உள்ளே போகிற நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். யார் சொன்னார்கள் என்று கேட்காதே, உன் அம்மாதான்.

வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி மாமா பேசியதை முழுக்க எழுதினால் தாள் போதாது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

"ஏலே ஆவுடை, தாய்மாமன் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவன மாமன்னு கூட்டிட்டு வந்திருக்க. ஒங்க அம்மை நான் செத்துட்டேன்னு சொல்லிட்டாளா?"

சேர்மக்கனி சமாதானம் பேச வந்தார். "அண்ணாச்சி, நானும் ஒரு மாமன்தான்" என்றார். அதற்கு மாமா சொன்ன பதிலை எழுதுவதற்கில்லை. அதைக் கேட்டு சேர்மக்கனி சான்றிதழை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, "அசல் மாமன்தான், சந்தேகமே இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆக எனக்கும் மாமாதான் தாங்கி. டாக்டர் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரர், எதற்கும் பதறாதவர். உடம்பில் வேறு ஏதாவது வலி உண்டா என்று மாமாவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நமக்கா?" என்று மாமா மார்பில் தட்டிக் காட்டினார். இயந்திரத்தைப் போட்டார்கள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், ஒன்றுமே இருக்காது என்று. வாயில் உண்மையாகவே ஒன்றுமில்லை. ஆனால் இயந்திரம் உறுமிய அந்தக் கணத்தில் என் முதுகில் யாரோ காய்ந்த தோசைக்கல்லை வைத்து அழுத்தினார்கள். தோளிலிருந்து இடுப்பு வரை. இடது பக்கம் கூடுதலாக. அதன் மேல் மிளகாய்ப் பொடியைத் தூவித் தேய்த்தது போல விட்டுவிட்டு ஓர் எரிச்சல். அம்மாவின் தலையணைகள் பட்டதே தாங்கவில்லை. வாய்க்குள் கருவிகள் இருந்ததால் கத்தவும் முடியவில்லை. நாற்காலியைச் செய்தவனின் பரம்பரையை மனதுக்குள் வரிசையாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

என் எலும்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வலி முழுவதும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் மாமா நாற்காலியில் முழுக்கச் சாய்ந்து, கால் நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வேறு. தாடை மட்டும் அவ்வப்போது வெட்டி இழுத்தது. அப்போதும் கண் திறக்கவில்லை. நர்ஸ் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முடிந்ததும் முதுகு சட்டென்று அணைந்தது. வாய் பற்றிக்கொண்டது. மாமா எழுந்து சோம்பல் முறித்து, முகம் சுருங்கி, உடனே நடக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் என் படம் தபால்தலை அளவுக்குக்கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பக்கத்துப் பல் தகராறு செய்தது. மாமா ஒரு பெரிய கல்யாணத்துக்குப் பந்தல் போட மதுரைக்குப் போயிருந்தார். சித்தியிடம் சொல்லாமல் சேர்மக்கனியை அழைத்துக்கொண்டு போனேன். அதே டாக்டர், அதே நாற்காலி, அதே தலையணைகள். பல்லைக் கடித்துக்கொண்டு முதுகு எரியட்டும் என்று காத்திருந்தேன்.

எரியவில்லை.

ஒரு துளிகூட இல்லை. பக்கத்தில் சேர்மக்கனி நாற்காலியின் கையைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுக, "ஒண்ணுமில்ல மருமவனே, ஒண்ணுமில்ல" என்று முனகிக்கொண்டிருந்தார். பேசிய கூலிக்கு உறவுமுறையும் சேர்த்துத் தருகிற மனிதர். அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவனுக்கு வலிக்கும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும், தூங்காது, என்று அப்போதுதான் உறைத்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"எல்லாரும் இத குழாய்னு நெனைக்கீங்க சார். தெறந்து விட்டா அந்தப் பக்கம் ஓடிரும்னு. இது தராசு. ஒங்க தட்டுல உள்ளது அங்க போகணும்னா அங்க உள்ளது இங்க வரணும். கனி அண்ணன் தட்டுல ஒண்ணும் இல்ல. அதான் ஒங்களுக்கும் ஒண்ணும் வரல."

"அப்பம் எங்க மாமா தட்டுல?"

அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "வலி கிடையாதுன்னு அவங்க சொன்னா நாங்க நம்பத்தான் சார் வேணும். தாய்மாமன்கிட்ட வலி இல்லைன்னு சான்றிதழ் கேட்டா இங்க கலவரம் ஆயிரும். ஆனா அவங்களுக்கு வலி உண்டுன்னு வீட்டாள் யாராவது ஒரு வரி எழுதிக் குடுத்தா, தாங்கிப் பட்டியல்லருந்து பேர நீக்கிருவோம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் அவங்கள உக்கார விடமாட்டாங்க."

வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாயில் பஞ்சு இருந்தது வசதியாகப் போயிற்று.

வீக்கம் வடிந்ததும் கழுகுமலைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. என்னோடு சேர்த்து ஆறு பிள்ளைகளை ஏமாற்றி உட்காரவைத்து, தன் எரிச்சலை அவர்கள் முதுகில் ஏற்றிவிட்டுக் குறட்டை விட்ட ஆள். அதற்கு ஃப்ளெக்ஸ் வேறு. என்னென்ன கேட்க வேண்டும் என்று பேருந்திலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

கடையில் கூரை முட்ட நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மாமா அவற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் வரிசையெல்லாம் மறந்து நேரடியாகக் கேட்டேன்.

"மாமா, ஒங்களுக்கு முதுகு எரியுதா?"

"எவம்லே சொன்னான்?"

"எனக்கு எரிஞ்சுது."

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். முகத்தில் வழக்கமான அதட்டல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, வெளிநாட்டு விமான நிலையத்தில் சொந்த ஊர்க்காரனைக் கண்டுவிட்டவர் போலக் கேட்டார்.

"இடது பக்கம் கூடுதலா இருந்துச்சா?"

"ஆமா."

"மெளகாப் பொடி தூவுன மாதிரி விட்டு விட்டு?"

"ஆமா மாமா."

"ஆங். அதாம்லே. அதான் அது." அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொல்லத் தெரியாம கெடந்தேன். தோசைக்கல்லுன்னு சொன்னேன் டாக்டர்கிட்ட, அவன் எழுதிக்கிடவே இல்ல."

பங்குனிக் காய்ச்சலில் வந்ததாம். நமக்கெல்லாம் மரப்பைக் கெடுத்துவிட்டுப் போன காய்ச்சல் அவர் முதுகில் குடியேறிவிட்டது. மதுரை, சென்னை, வேலூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் கோணியது. அத்தைக்குக்கூட முழுதாகத் தெரியாது.

"வீட்ல சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னா? எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு ஆரஞ்சுப் பழத்தோட வருவாவ. எனக்கு முதுகும் எரியும், அவுகளுக்கு ஆறுதலும் சொல்லணும். யாரால முடியும்?"

"எங்களுக்காவது சொல்லிருக்கணும் மாமா. காந்திமதி அழுதா."

மாமா ஒரு நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்:

"மொத தடவ அவளுக்குப் போனப்பம் எனக்கும் தெரியாதுடே. தாய்மாமன்னு வீம்புக்குத்தான் போனேன். மெசின போட்டாவ. பல்லு வலி வந்துச்சு. இது போச்சு. நான் அப்படியே பொறத்தால சாஞ்சேன். நாற்காலியில முதுகு பட உக்காந்து எத்தன வருசம். ஒங்க பல்லு வலி நல்ல வலிடே. ஒரே எடத்துல நிக்குது. எங்க இருக்குன்னு தெரியும், எப்பம் முடியும்னு தெரியும். நான் தூங்கிட்டேன். அவ அழுதது எனக்குக் கேக்கவே இல்ல."

"அதுக்கு அப்புறம் தெரியும்லா? அப்புறமும் அஞ்சு பேருக்கு வந்தியளே."

"வந்தேன்."

நியாயப்படுத்தவில்லை. வெளியே வேன் வந்து நின்றது. பையன்கள் நாற்காலிகளை ஏற்றத் தொடங்கினார்கள். மாமா அவர்களை இரண்டு அதட்டு அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.

"எழுதிக் குடுக்கப் போறியா?"

"தெரியல மாமா."

"குடுக்கதுன்னா குடு. தப்பில்ல. அந்த உலகம்மைப் புள்ளைக்குப் பல்லு முடிஞ்சதும் குடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உன் பல் வலிக்க ஆரம்பித்தது உனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும் போல. உலகம்மையிடம் எல்லாவற்றையும் சொல்வேன், தெரிந்தே அவள் சரி என்றால் நீங்கள் வரலாம், இல்லை என்றால் வரக் கூடாது என்றேன். அவர் யோசித்தார்.

"சொல்லு. ஆனா அவ அம்மைகிட்ட சொல்லிராத. ஆரஞ்சுப் பழம் எனக்கு ஆகாது."

ஆகவேதான் இந்தக் கடிதம், உலகம்மை.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் மிகச் சுலபம். மாமாவைத் தடுக்க வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி எழுதிக் கொடு. அவ்வளவுதான், ஆயுசுக்கும் உன் பக்கம் வரமாட்டார், யார் பக்கமும் வர முடியாது. அது வேண்டாம், இந்தத் தடவை மட்டும் வேண்டாம் என்றால் சேர்மக்கனியின் எண்ணை என்னிடம் வாங்கிக்கொள். நல்ல மனிதர். வலிக்காமல் எடுத்துவிட்டு வரலாம். நீ எதைச் செய்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உன் முதுகு உன்னுடையது. எங்கள் ஆறு பேரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, உன்னிடமாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

ஒருவேளை அவர் வரட்டும் என்று முடிவு செய்தாயானால், எதிர்பார்க்க வேண்டியவை இவை. தலையணை கொண்டு போகாதே, அது பட்டால் இன்னும் மோசம். மெல்லிய பருத்திச் சட்டை போட்டுக்கொள். இயந்திரம் உறுமியதும் வரும், ஒரேயடியாக வரும். முதல் சில நிமிடங்கள்தான் கொடுமை, பிறகு அது எந்தப் பக்கம் கூடும் எந்தப் பக்கம் குறையும் என்று ஒரு போக்குப் பிடிபடும். விரல்களை விரித்து விரித்து மூடு, எனக்கு அது உதவியது. ரொம்ப முடியவில்லை என்றால் இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்திவிடுவார், அவரிடம் சொல்லி வைக்கிறேன். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் வலது பக்கம் ஓட்டினால் மாமா தெரிவார். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் கோபப்படாதே. ஃப்ளெக்ஸில் உன் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும் என்பதை நான் இப்போதே பேசி முடித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. உனக்கு நாலு பல்லும் எடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாய். ஒரே நாளில் நாலையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்வார், எல்லோருக்கும் அதுதான் வசதி. மாமா வருவதாக இருந்தால், உன்னால் முடிந்தால், அதற்கு ஒப்புக்கொள்ளாதே. ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று சொல். அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்றும் சொல்.

எனக்கு மேலே ஒரு பல் மிச்சம் இருக்கிறது. அது ஒழுங்காக முளைத்த பல். இன்றுவரை ஒரு தொந்தரவும் செய்ததில்லை. தை பிறந்ததும் எடுத்துவிடலாம் என்று மாமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆவுடையப்பன்
கோவில்பட்டி